சீராகக் கொடுத்த டிவி

டிவியில் சத்தம் வரவில்லை என்று யாராவது போன் பண்ணினால் நான் முதலில் டிவியைச் சந்தேகப்படுவதில்லை, போன் பண்ணுகிற ஆளைத்தான் சந்தேகப்படுவேன். கடலூர் முதுநகரில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், இருபத்தெட்டு வருடமாக டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வருகிற கேஸ்களில் பாதிக்கு டிவியில் கோளாறே இருக்காது. மாமியார் சீரியல் பார்க்கக்கூடாது என்று மருமகள் ஒயரைத் தளர்த்தி வைத்திருப்பாள். பரீட்சை வருகிறது என்று அப்பன்காரன் செட்டிங்ஸில் கைவைத்துவிட்டு, பிள்ளைகள் எதிரில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி என்னைக் கூப்பிடுவான். ஞானசேகரன் சந்தேகப் பேர்வழி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேசிவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த போன் சிதம்பரத்திலிருந்து. என் சம்பந்தி கொளஞ்சியப்பன். என் மகள் சத்யப்பிரியாவின் மாமனார்.

“மச்சான், டிவியில சத்தம் வர்ல. படம் பளிச்சுனு வருது, சத்தம் மட்டும் இல்ல. நீங்க ஒரு நடை வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும்.”

“எத்தினி நாளா?”

“அது ஆச்சு, ஒரு மாசத்துக்கு மேல.”

ஒரு மாதம்! சத்தமில்லாத டிவியை ஒரு வீடு ஒரு மாதம் வைத்துக்கொண்டிருக்குமா? இரண்டு மணி நேரம் தாங்க மாட்டார்கள், எனக்குத் தெரியாதா? “வாரண்டி இருக்குதே மச்சான், கம்பெனிக்கு ஒரு போன் போட்டா ஆளு வந்துடுவானே” என்றேன்.

“வெளியாளு எதுக்கு? இது நம்ம குடும்ப விஷயம். நீங்களே வாங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டிவி ரிப்பேர் எப்படி ஐயா குடும்ப விஷயமாகும்?

அந்த டிவி நான் சீராகக் கொடுத்தது. ஐம்பத்தைந்து இஞ்ச். கல்யாணச் சீரோடு சிதம்பரத்துக்குக் கொண்டுபோய், வேறு எவனையும் தொடவிடாமல், நானே சுவரில் துளை போட்டு மாட்டினேன். டிவி கடைக்காரன் கொடுத்த சீர் டிவி ஊமையாகிவிட்டது என்றால் நாலு பேர் சிரிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. என் பயம் அதுவல்ல.

சத்யாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஏழாவது படிக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்தது. அதில் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதும் வருடத்துக்கு வருடம் மங்கியது. காலேஜ் சேர்ந்தபோது காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டுதான் போனாள். கல்யாணப் பேச்சு ஆரம்பித்த அன்று அதைக் கழற்றச் சொல்லி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். எதிராளியின் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள், கெட்டிக்காரி. தரகு பார்த்த உத்திராபதி, “பொண்ணுக்குக் கொறை கிறை ஒண்ணுமில்லியே?” என்று கேட்டபோது, “ஒண்ணுமில்ல” என்று சொன்னேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். என் மனைவி அஞ்சலாட்சி, “சொல்லிடலாங்க, பின்னால தெரிஞ்சா அசிங்கம்” என்றாள். வாயை மூடு என்று அவளை அடக்கினேன்.

பெண் பார்க்க வந்த அன்று நாற்காலிகளை நான்தான் போட்டேன். எல்லாரும் சத்யாவின் வலது பக்கம் வருகிற மாதிரி மூன்று தரம் மாற்றிப் போட்டேன். சத்தம் போடுகிற ஃபேனை நிறுத்தி, அந்த வேக்காட்டில் சம்பந்தி வீட்டாரை வியர்க்க வைத்தேன். கல்யாண மேடையிலும் சோதனைதான். தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் உட்கார வேண்டும். அப்படியென்றால் மாப்பிள்ளை அவளுடைய இடது காதுப் பக்கம். மாப்பிள்ளை அறிவழகன் குனிந்து ஏதோ சொல்ல, இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, மேளச் சத்தத்தில் யாருக்குமே ஒன்றும் கேட்காது என்பதால் தப்பித்தோம். தாலி ஏறி இடம் மாறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம். தெரிந்துவிட்டதோ? தெரிந்துதான் கூப்பிடுகிறார்களோ? பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்தாய், உன் பெண்ணையும் உன் டிவியையும் எடுத்துக்கொண்டு போ என்று சொல்வதற்கு, டிவி ஒரு சாக்கு. போனில் சொல்ல முடியாது, நேரில் வரவழைத்துச் சொல்லப் போகிறார்கள். வேறென்ன?

இன்னொன்றும் உறுத்தியது. சத்யா கல்யாணமானதிலிருந்து வாட்ஸ்அப்பில்தான் பேசுவாள், அதாவது டைப் அடிப்பாள். போனில் அவளுக்குப் பிடிபடாது. ஆனால் போன மாதத்திலிருந்து திடீரென்று போன் செய்து, “சாப்டீங்களாப்பா? கடையில கூட்டமா?” என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்டதற்குப் பதிலும் சரியாக வந்தது. அஞ்சலாட்சி பூரித்துப் போனாள். எனக்கு அப்போதே சந்தேகம். பக்கத்தில் யாரோ நின்றுகொண்டு நான் சொல்வதையெல்லாம் எழுதிக் காட்டுகிறார்கள், இவள் படித்துப் படித்துப் பதில் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

பையில் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், ஒரு ஜோடி ஸ்பீக்கர் எல்லாம் எடுத்துக்கொண்டேன். துறைமுகத்தில் வாங்கிய வஞ்சிரத்தை ஐஸ் போட்டு டப்பாவில் அடைத்துக் கொடுத்த அஞ்சலாட்சி, “போன எடத்துல யாரையும் மொறைக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினாள். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை, அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். புதுச்சத்திரத்தில் ஒரு யோசனை வந்தது. ‘எங்க வீட்டுல நல்லாத்தான் கேட்டுச்சு, இங்க வந்துதான் போச்சு’ என்று திருப்பி அடித்தால் என்ன? பி.முட்லூரில் அந்த யோசனை எனக்கே கேவலமாகப் பட்டது. ஆனால் அதைவிட நல்லதாக வேறொன்றும் தோன்றவில்லை.

சிதம்பரத்தில் பைபாஸ் பக்கம் புது நகரில் அவர்கள் வீடு. கொளஞ்சியப்பனுக்குச் சேத்தியாத்தோப்பில் உரக்கடை. ஆள் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு வாசல் கேட்டிலேயே வந்து நின்று, “வாங்க மச்சான், வாங்க வாங்க” என்று என் பையை வாங்கிக்கொண்டார். இவ்வளவு மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மனைவி மாரியம்மாள், “வாங்கண்ணா, மீனெல்லாம் எதுக்கு?” என்று டப்பாவை வாங்கியபடி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையை லேசாக ஆட்டினார். எல்லாவற்றையும் நான் குறித்துக்கொண்டேன்.

“மாப்பிள்ள எங்க?”

“ஸ்ரீமுஷ்ணத்துல ஃப்ரெண்டு வீட்டு கிரகப்பிரவேசம்ணா. விடியக்காலமே போயிட்டான்” என்றாள் மாரியம்மாள்.

மாமனார் வருகிற அன்றைக்குத்தான் கிரகப்பிரவேசமா? நம்புவதற்கு நான் என்ன நேற்றுப் பிறந்தவனா?

சத்யா தண்ணீர் கொண்டுவந்தாள். ஆள் ஒரு சுற்றுப் பூசியிருந்தாள். ஆனால் எப்போதும் படிய வாரிப் பின்னல் போடுகிறவள், அன்றைக்கு முடியை இரண்டு காதையும் மூடுகிற மாதிரி இறக்கி விட்டிருந்தாள். ஏன்? கன்னத்தில், கழுத்தில் ஏதாவது தழும்பா? அடிக்கிறார்களா? சொம்பை வாங்குகிற சாக்கில் உற்றுப் பார்த்தேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஹாலில் இன்னொரு விசித்திரம். டிவிக்கு எதிரே சோபா. டிவிக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சோபாவைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது. டிவிக்கு ஓரமாக உட்கார்ந்து சோபாவைப் பார்ப்பவர் யார்? என் மகளை அங்கே உட்காரவைத்து, மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து, அதைச் சொல் இதைச் சொல் என்று விசாரிக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. அஞ்சலாட்சி சொன்னதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தேன்.

டிவி வந்தது. ஏதோ காமெடி சேனல். ஒருவன் இன்னொருவனைத் துரத்துகிறான், வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மியூட்டில் இல்லை. வால்யூமை ஏற்றினால் திரையில் கோடு ஏறுகிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. செட்டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு நெட்டில் ஒரு வீடியோ போட்டேன். அதுவும் ஊமை. ஆக, பாக்ஸ் மேல் குற்றமில்லை. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் பொறுத்துச் சொருகினேன். ஊஹும். மறுபடி பாக்ஸை மாட்டி அதே காமெடியை ஓடவிட்டேன். துரத்தியவன் வழுக்கி விழுந்தான்.

அதே நொடி அடுப்படியில் சத்யா களுக்கென்று சிரித்தாள்.

திரும்பிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து டிவி தெரியாது. அவள் தனியாக நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? புத்தி கித்தி பேதலித்துவிட்டதா? மாரியம்மாளும் கொளஞ்சியப்பனும் ஒருவரையொருவர் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது.

“மச்சான், உள்ள ஒரு லிஸ்ட்டு வருமாமே, அதைப் பாத்தீங்களா?” என்றார் கொளஞ்சியப்பன்.

“என்ன லிஸ்ட்டு?”

“டிவியோட என்னென்ன சேந்திருக்குதுன்னு காட்டுமாமே. பேரெல்லாம் வருமாம். நீங்களே பாருங்களேன்.”

உரக்கடைக்காரருக்கு இந்த லிஸ்ட்டு எப்படித் தெரியும்? நான் எதையோ கண்டுபிடிக்க வேண்டும் என்று இந்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறார். செட்டிங்ஸுக்குள் போனேன். ஒலி, ஒலி வெளியேறும் இடம். டிவி ஸ்பீக்கர் என்பதில் டிக் இல்லை. அதற்குக் கீழே ப்ளூடூத்தில் டிக் இருந்தது. அதைத் திறந்தேன்.

சத்யப்பிரியா, ஹியரிங் எய்டு, இடது, வலது. ஆங்கில எழுத்தில், என் உள்ளங்கை அகலத்துக்கு, ஐம்பத்தைந்து இஞ்ச் திரையில் பளீரென்று நின்றது.

பாவிப் பெண்ணே, திருட்டுத்தனமாக மெஷின் வாங்கி மாட்டியிருக்கிறாயா? அதற்குத்தான் இந்த முடியா? வாங்கியதுதான் வாங்கினாய், அது தானாகப் போய் டிவியில் ஒட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் உன் பெயரைக் காட்டுகிறதே! கொளஞ்சியப்பன் எனக்குப் பின்னால் நாலு அடியில் நிற்கிறார். ஐம்பத்தைந்து இஞ்சை நான் எந்த உடம்பை வைத்து மறைப்பது? இரண்டு கையையும் விரித்து, சுவர்ப் பக்கம் ஏதோ ஒயரைத் தேடுகிறவன் போல் டிவியோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு கையால் ரிமோட்டை அமுக்கி, ‘இந்தக் கருவியை நீக்கு’ என்பதைக் கண்டுபிடித்துத் தட்டினேன்.

பெயர் அழிந்தது. மறுவிநாடி டிவி அலறியது. நான் சோதனைக்காக வால்யூமை உச்சத்தில் வைத்திருந்தது மறந்துபோயிற்று. மாரியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். நான் குறைத்துவிட்டுத் திரும்பினேன்.

“சரியாயிடுச்சு மச்சான். சாஃப்ட்வேர்ல சின்னக் கோளாறு.”

கொளஞ்சியப்பன் முகத்தில் சந்தோஷமே இல்லை. “அந்த லிஸ்ட்ல பேரு எதுவும் இல்லியா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல” என்றேன். உத்திராபதியிடம் சொன்ன அதே வேகத்தில் சொன்னேன்.

அடுப்படி வாசலில் சத்யா வந்து நின்றாள். ஒரு கை முடிக்குள் போய்க் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாரியம்மாள் என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, டிவியை மொத்தமாக அணைத்துவிட்டாள். சத்தம் வரவில்லை என்று என்னைக் கடலூரிலிருந்து வரவழைத்தவர்கள், சத்தம் வந்ததும் அணைக்கிறார்கள். இனி இங்கே ஒரு நிமிடம் நிற்கக்கூடாது, பெண்ணைத் தனியாகப் பிடித்து விஷயத்தைக் கறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் அவளைச் சைகை காட்டி அழைத்தேன். துணி துவைக்கிற கல்லருகே நின்று, உள்ளே கேட்கக்கூடாதே என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, உதடு அசையாமல் கிசுகிசுத்தேன்.

“மெஷின் வாங்கினியா?”

“ஆமாப்பா.”

“எப்ப?”

“போன மாசம்.”

“அந்தாளு பாத்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? டிவி பூரா உம்பேருடி! நல்லவேளை நான் அழிச்சேன்.”

“தெரியும். திடீர்னு கட்டாயிடுச்சு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் உதடு அவளுக்குத் தெரியவில்லை. நான் நின்றதோ அவளுடைய இடது பக்கம். இந்தப் பதினாலு வருடத்தில் நான் என் மகளிடம் கிசுகிசுத்ததே கிடையாது. கத்தித்தான் பேசியிருக்கிறேன். திரும்பி அவளைப் பார்த்தேன்.

“மெதுவா பேசுனாலே கேக்குதுப்பா” என்றாள். “இந்தப் பக்கத்துலேருந்து வர்றதை மெஷினு அந்தக் காதுக்கு அனுப்பிடும். போனும் நேரா காதுல கேக்குது. டிவியும் அப்படித்தான்.”

“யாரு வாங்கிக் குடுத்தா?”

“இவருதான். பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயி டெஸ்ட்டு எடுத்து வாங்கினாரு. கல்யாணமான மூணாம் நாளே இவருக்குத் தெரிஞ்சுபோச்சு. நல்ல காதைத் தலகாணியில வெச்சுத் தூங்கினா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே.”

“உன் மாமியாருக்கு?”

சத்யா கொஞ்சம் தயங்கினாள். “அத்தைக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியுமாம். நீங்க நாற்காலிய மூணு வாட்டி மாத்திப் போட்டீங்களே, அப்பவே சந்தேகம் வந்து, என் எடது பக்கமா டம்ளரத் தட்டிவுட்டுப் பாத்தாங்களாம். நான் திரும்பவே இல்லியாம். இருந்தாலும் பொண்ணு புடிச்சிருந்துதாம்.”

எனக்கு அந்தத் துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார வேண்டியதாகிவிட்டது. எட்டு மாதமாக நான் தூங்காமல் கிடந்து காவல் காத்த ரகசியம், காவலுக்கு நிற்கும் முன்பே திருடு போயிருக்கிறது. “பின்ன ஏன் யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” என்றேன். கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“நான்தான் சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினேன். தெரிஞ்சா நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கமே வரமாட்டீங்க. எனக்கு உங்களத் தெரியாதா? மாமா உங்களக் கூப்பிட்டதே நீங்க பஸ் ஏறினப்புறந்தான் எனக்குத் தெரியும்.”

“அப்ப டிவிய ஒரு மாசமா...”

“மெஷின் குடுத்தவரு போன்ல சொல்லச் சொல்ல இவரு டிவியோட சேத்துவுட்டாரு. எனக்கு மட்டும் கேக்குது, இவுங்களுக்குக் கேக்கல. ரெண்டு பக்கமும் வரவைக்க இவருக்குத் தெரியல. எடுத்துடுங்க, எனக்கு வேணாம்னு எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். அத்தைதான் கேக்கல. பொறந்ததுலேருந்து கேட்டவங்க நாங்க, ஒரு மாசம் கேக்காட்டிப் போவுதுன்னு சொல்லிட்டாங்க. அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான்தான் அவுங்களுக்குச் சீரியல் கதை சொல்றேன். அவ என்னா சொன்னா, இவ என்னா சொன்னான்னு மூணு பேரும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. சில நாளு நானா ரெண்டு சேத்துச் சொல்லிடுவேன்.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது கேட்கிற மூன்று பேர் சோபாவில் உட்கார்ந்து, காது கேட்காத என் மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாற்காலியைப் பார்த்து நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! மனசு கூசியது.

“சத்யா, நம்ம வீட்டுல இருந்தப்ப டிவி உனக்குக் கேட்டுச்சா?”

கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் கேட்டுவிட்டேன்.

“பாப்பேன்பா. கேக்காது. நீங்க சிரிக்கிறப்ப நானும் சிரிப்பேன்.”

ஊரில் உள்ள டிவிக்கெல்லாம் சத்தம் வரவைத்தவன் நான். மாசத்துக்கு நாற்பது டிவி. என் வீட்டு ஹாலில், என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலேஜுக்குப் போட்ட மெஷினையும் வீட்டுக்கு ஆள் வந்தால் கழற்றச் சொன்னவன் நான். குறை அவள் காதில் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

கொளஞ்சியப்பன் சோபாவின் நுனியில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. வாயால சொல்லமாட்டேன்னு மருமவ கிட்ட சத்தியம் பண்ணிட்டேன். நீங்களா அந்தப் பேரைப் பாத்துக்கிட்டீங்கன்னா அது என் குத்தம் இல்லியே, அதுக்குத்தான் வரச்சொன்னேன். பையன் இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு அவனே ஸ்ரீமுஷ்ணம் போயிட்டான். நீங்க என்னாடான்னா பேரைப் பாத்தும் இல்லேன்னுட்டீங்க.”

“இல்லேன்னு சொல்லிச் சொல்லியே பழகிட்டேன் மச்சான்” என்றேன். அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கப் போனால் அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிடுவார் போலிருந்தது.

“அதெல்லாம் கெடக்கட்டும்ணா” என்றாள் மாரியம்மாள். “உங்க பொண்ணு சீரியல்ல பாதி பொய் சொல்றான்னு எனக்குச் சந்தேகம். எங்களுக்கும் கேக்கற மாதிரி பண்ணிவுடுங்க. ஆனா அவளுக்கு நிக்கக்கூடாது. அவளுக்கு நிக்கும்னா எங்களுக்கு வாணாம்.”

வேலையில் இறங்கினேன். மெஷினை டிவியோடு மறுபடி சேர்க்க வேண்டும். அதற்கு மெஷினைக் கழற்றி அதன் சார்ஜர் டப்பாவில் போட்டு எடுக்க வேண்டும் என்றாள் சத்யா. எல்லார் எதிரிலும் முடியை இரண்டு கையாலும் வாரி எடுத்து உச்சியில் கொண்டை போட்டாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் புளியங்கொட்டை அளவில் ஒன்று. இத்துனூண்டு பொருள். இதை மறைக்கவா நான் அத்தனை பாடுபட்டேன்? கழற்றினாள், டப்பாவில் போட்டாள், எடுத்து மாட்டிக்கொண்டாள். திரையில் அவள் பெயர் வந்தது. இந்தத் தடவை நான் மறைக்கவில்லை.

ஒலி மெனுவில் இரண்டும் சேர்ந்து வருகிற வழி இல்லை. மாப்பிள்ளை திணறியதில் ஆச்சரியமில்லை. அணுகல்தன்மை என்று ஒரு தனிப் பகுதி உண்டு. பார்வைக் குறை, கேட்கும் குறை உள்ளவர்களுக்கானது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ வீட்டில் டிவி மாட்டியிருக்கிறேன், அந்தப் பகுதிக்குள் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. எனக்கெதற்கு என்று தாண்டிப் போயிருக்கிறேன். அதற்குள் இருந்தது. ஸ்பீக்கரும் கருவியும் ஒன்றாக. டிக் வைத்தேன். சத்தம் ஹாலில் அளவாக வந்தது.

“உனக்கு வருதா?” என்று மாரியம்மாள் கேட்க, சத்யா தலையாட்டினாள். கொளஞ்சியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி டிவியைப் பார்த்துப் போட்டார்.

நான் ஒயர்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று டிவி பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சத்யாவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம், அவள் திரும்பி நிற்கும்போது அவள் முதுகுக்குச் சொல்லிவிடுவேன். திட்டுவதும் அப்படித்தான், கொஞ்சுவதும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முதல் நாள்கூட அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று என்னென்னவோ புலம்பினேன். அவளுக்குத் தெரியாது. எனக்குப் பாரம் குறையும். அந்தப் பழக்கத்தில், டிவிச் சத்தத்துக்கு அடியில், சுவரைப் பார்த்து வாய்க்குள்ளேயே சொன்னேன்.

“அப்பா தப்புப் பண்ணிட்டேன் தாயி. என்னை மன்னிச்சுடு.”

“கேட்டுச்சுப்பா” என்றாள் பின்னாலிருந்து.

கையில் பிடித்திருந்த ஒயரை நான் விடவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. காமெடி சேனலில் எவனோ கத்திக்கொண்டிருந்தான்.

“வர்ற வெள்ளிக்கெழம முதுநகர்ல வினோதினி கல்யாணம்” என்றாள். வினோதினி என் தங்கை மகள். எங்கள் சாதி சனம் மொத்தமும் வரும், உத்திராபதியும் வருவார். “நான் இப்படியே கொண்ட போட்டுக்கிட்டுத்தான் வருவேன். யாரு கேட்டாலும் காது மெஷினுன்னு சொல்லுவேன். வரலாமாப்பா?”

உத்திராபதி என்ன சொல்வார், சொந்தக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள், பந்தியில் யார் யாரிடம் குசுகுசுப்பார்கள் என்று எல்லாமே ஒரு கணம் கண்ணில் ஓடியது. பொய் சொல்வானேன், ஓடத்தான் செய்தது. பிறகு ஒயரை விட்டுவிட்டுத் திரும்பினேன். சம்பந்தி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

“வாம்மா. மண்டபத்து வாசல்ல நான்தான் நின்னு கூட்டிட்டுப் போவேன்.”